கொழும்புத் தேநீர்க் கடையில் நான் சொன்ன ‘வேண்டாம்’

தட்டில் மூன்று துண்டு கேக் இருந்தது. மேலே சோம்பு மாதிரி ஏதோ விதை தூவியிருந்தார்கள். வெண்ணெய் வாசனை மூக்கைத் துளைத்தது. வெள்ளைக்கார மிசியம்மா அந்தத் தட்டை என் பக்கம் நீட்டி, எடுத்துக்கொள்கிறீர்களா என்று இங்கிலீஷில் கேட்டார்கள்.

“வேண்டாம் அம்மா” என்றேன், நானும் இங்கிலீஷில்.

“அப்படியா” என்று தட்டை எடுத்து என் வீட்டுக்காரர் பக்கம் நீட்டினார்கள். அவரும் வேண்டாம் என்றார். உடனே தட்டு ஜன்னலோரம் போய்விட்டது. மிசியம்மா ஒரு துண்டை எடுத்துத் தம் தட்டில் வைத்துக்கொண்டு, நிம்மதியாகக் கடித்துத் தின்ன ஆரம்பித்தார்கள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். முந்தின நாள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினதிலிருந்து என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. தரையில் கால் வைத்ததும் பசி சும்மா இல்லை, வயிற்றைக் கிள்ளியது. அப்படிப்பட்டவளிடம் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனால் என்ன அர்த்தம்?

போன இதழில் பாளையங்கோட்டையில் நான் டீச்சராக இருந்த கதையை எழுதியிருந்தேன். ‘புருஷன் கொழும்பிலும் நீங்கள் பாளையங்கோட்டையிலுமாக இருந்தீர்களே, பிறகு எப்படிச் சேர்ந்தீர்கள்’ என்று நாசரேத்திலிருந்து ஒரு அம்மாள் கார்டு போட்டுக் கேட்டிருக்கிறார். அந்தக் கேக்குத் தட்டில்தான் அந்தக் கதை இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது அழைப்பு

முதலில் எங்கள் பக்கத்து மரியாதையைச் சொல்ல வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. கேட்டால் சிரிக்கிறார்கள்.

ஒரு வீட்டுக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கார அம்மாள், “வாங்க, சாப்பிடுங்க” என்பாள். நாம், “இப்பதான் சாப்பிட்டுட்டு வாரோம்” என்போம். அது பொய் என்று அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும், அடுப்படிப் பூனைக்கும் தெரியும். “நல்லா இருக்கே நியாயம், ஒரு வாயாவது சாப்பிடுங்க” என்பாள் இரண்டாம் தடவை. “வேண்டாம் மைனி, வயிறு திம்முனு இருக்கு” என்போம். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்து இலை முன்னால் உட்கார வைப்பாள். அப்போதுதான் உட்காரலாம். அதற்கு முன்னால் உட்கார்ந்தவன் ஆக்கங்கெட்டவன்.

என் சித்தப்பா மகன் ஒருவன் சாயர்புரத்தில் ஒரு கல்யாண வீட்டில் முதல் அழைப்புக்கே பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டான். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. பிற்பாடு வேதசாஸ்திரம் படித்துக் குருப்பட்டம் பெற்றுப் பெரிய பிரசங்கியாகிவிட்டான். பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்போம்; இவனை மட்டும் முதுகுக்குப் பின்னால் ‘முந்தி ஐயர்’ என்றுதான் சொன்னார்கள். அவன் பிரசங்கம் ஒன்றும் ஒருவர் நினைவிலும் நிற்கவில்லை. அந்தப் பந்திதான் நின்றது.

சாப்பாட்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். என்னைப் பெண் கேட்டு வந்தபோதும் இதே நாடகம்தான். முதல் தடவை வந்தார்கள். “பிள்ளை இன்னும் படிக்கால்லா” என்றார் எங்கள் அப்பா. இரண்டாம் தடவை வந்தார்கள். “அவளுக்கு இப்ப என்ன அவசரம், பாப்போம்” என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை ஆலயத்துப் பாடகர் குழுவில் பாடுகிறவர். கடைசி வரிசையில் நின்று அடிக்குரலில் அவர் பாடினால் பெஞ்சு அதிரும். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. மூன்றாவது தடவை வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா மட்டும் நிம்மதியாக இருந்தார். வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். வந்தார்கள்.

வருவதும் வராததும் உன் சௌகரியம்

கல்யாணம் ஆன நாலாம் மாதமே அவர் கொழும்புக்குப் போய்விட்டார். ஒரு துரையின் கம்பெனியில் கிடங்கு கிளார்க் வேலை. புறக்கோட்டையில் ஒரு மாடி அறையில் நம் ஜில்லாக்காரர்கள் நாலு பேரோடு பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். அந்த அறைக்கு ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. நான் பாளையங்கோட்டையிலேயே பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டேன்.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. மாதத்துக்கு இரண்டு கடிதம் வரும். கப்பல் வந்த விவரம், மழை பெய்த விவரம், அறையில் ஒருவர் குறட்டை விடுகிற விவரம் எல்லாம் எழுதியிருப்பார். முடிக்கும்போது தவறாமல் ஒரு வரி: ‘நீ இங்கே வருவதும் வராததும் உன் சௌகரியம்போல.’

அந்த வரியைப் படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘வா’ என்று ஒரு வார்த்தை எழுதினால் கை தேய்ந்தா போய்விடும்? அடக்கத்தால் எழுதுகிறாரா, அல்லது நிஜமாகவே நான் வந்தாலும் ஒன்றுதான் வராவிட்டாலும் ஒன்றுதானா? எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் ஸ்லேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, என் கணக்கு இதுதான். என் வயதுக்காரிகள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஆலயத்துக்கு வருவார்கள். நான் பாட்டுப் புத்தகத்தோடு வருவேன்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால் ஒரு வழி பிறந்தது. கொழும்பில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வேண்டுமாம். பள்ளிக்கூட வளவுக்குள்ளேயே இரண்டு அறை உள்ள வீடு தருவார்களாம். புருஷனும் பெண்சாதியும் குடியிருக்கலாமாம். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து என் பெயரை எழுதிப் போட்டார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைவிதான் நான் சொன்ன மிசியம்மா. மிஷன் வேலைக்கு வந்த வெள்ளைக்காரப் பெண்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர்கள் விடுப்பில் சீமைக்குப் புறப்படுகிறார்கள். பள்ளிக்கூடம் விடுமுறைக்கு மூடியிருக்கிறது. கப்பல் ஏறுகிற அன்றைக்கு மூன்று மணிக்கு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தேநீர்க் கடையில் என்னைப் பார்ப்பதாக எழுதியிருந்தார்கள். வேலையா இல்லையா என்பது அந்த மேசையில்தான் முடிவாக வேண்டும்.

பாலம் தாண்டி ரயிலடிக்கு வில்வண்டியில் போய், மணியாச்சியில் வண்டி மாறி, தூத்துக்குடியில் கப்பல் ஏறினேன். பெட்டிக்குள் இருந்த உடன்குடிக் கருப்பட்டிதான் துணை. அதைக்கூடத் தின்ன முடியவில்லை.

ட்ராமில் கிடைத்த உபதேசம்

மத்தியானம் கப்பல் சேர்ந்தபோது துறைமுகத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். மெலிந்திருந்தார். “வந்துட்டியா” என்றார். வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? “வந்துட்டேன்” என்றேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் பேசின முதல் பேச்சு அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனையில் அவருக்குத் தெரிந்த ஒரு நாசரேத்துக் குடும்பத்தில் குளிக்க இடம் கொடுத்தார்கள். குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. “சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார்கள். வேண்டாம் என்றோம். மறுபடியும் சொன்னார்கள். மறுபடியும் வேண்டாம் என்றோம். மூன்றாவது அழைப்பு வருவதற்குள் நேரமாகிவிட்டது, ட்ராமைப் பிடிக்க ஓடினோம். என் வாழ்நாளில் அவ்வளவு வருத்தத்தோடு ஒரு வீட்டை விட்டு நான் இறங்கினதில்லை.

ட்ராமில் அவர் எனக்குப் பாடம் நடத்தினார்.

“ஏளா, மிசியம்மா கேட்டதும் எடுத்த எடுப்புல சரின்னுராத. ரெண்டு தடவ வேண்டாம்னு சொல்லு. அப்பத்தான் நமக்கு மதிப்பு.”

“அவிய வெள்ளைக்காரியல்லா. நம்ம மரியாதை அவியளுக்குத் தெரியுமா?”

“வெள்ளைக்காரின்னா என்ன? பெரிய மனுசி. பெரிய மனுசிக்கு மரியாதை தெரியாமப் போகுமா? நீ வேலைக்கு அலைஞ்சுக்கிட்டுக் கெடக்கவன்னு நெனச்சிரக் கூடாது, பாத்துக்க.”

இரண்டு வருஷம் துரையிடம் வேலை பார்த்த மனுஷன் சொல்கிறாரே என்று நானும் தலையாட்டினேன். அந்தத் துரை இவரிடம் எதையாவது எடுத்துக்கொள்கிறாயா என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால் அல்லவா தெரியும்? மூட்டைக்கும் இவருக்கும்தான் பேச்சு. என் கதையும் அதுதான். எங்கள் பள்ளிக்கூடத்து மிசியம்மாமார் செய் என்று சொல்வார்கள். வேண்டுமா என்று கேட்க மாட்டார்கள்.

ஒரே கூரை, இரண்டு வாசல்

அந்தக் கடை மாதிரி ஒரு கடையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரே கட்டிடத்துக்கு இரண்டு வாசல். இடது பக்க வாசலில் ஆண்கள் மட்டும் போவார்கள். அங்கே நீளமான கறுத்த மரமேடை, பித்தளைக் குழாய், பீர் வாசனை, சிரிப்புச் சத்தம். வலது பக்கம் தேநீர்ப் பக்கம். பூப்போட்ட திரை, ராஜா படம், டிக் டிக்கென்று ஒரு பெரிய கடிகாரம். இரண்டுக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஓர் ஆடுகதவு.

தேநீர்ப் பக்கத்துச் சுவரில் குளிர்காய்கிற கணப்பு அடுப்பு ஒன்று கட்டியிருந்தார்கள். கொழும்பு வேக்காட்டில் கணப்பு எதற்கு? அதற்குள் காகிதப் பூவைச் செருகி வைத்திருந்தார்கள். சீமையில் உள்ள கடை மாதிரியே இருக்க வேண்டுமாம். அதற்காக ஒன்றையும் விடவில்லை.

எங்கள் இருவரையும் பார்த்ததும் கடைக்கார வெள்ளைக்கார அம்மாளுக்கு முகம் கோணியது. மிசியம்மா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நெட்டையாக, நரைத்த தலையோடு, மடியில் ஒரு கைப்பையோடு. “இவர்கள் என் விருந்தாளிகள்” என்று அந்த அம்மாளை ஒரு பார்வை பார்த்தார்கள். கோணின முகம் நேரானது. அந்தப் பார்வைக்காகவே மிசியம்மாவை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பரிமாறுகிறவர் சிங்களவர். வெள்ளைத் துணி உடுத்து, கொண்டையில் ஆமை ஓட்டுச் சீப்புச் செருகியிருந்தார். முதலில் ஒரு பணியாரம் மாதிரி மூடிச் சுட்ட ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே என்ன என்று கேட்டேன். மாட்டிறைச்சி என்றார்கள். எங்கள் வீட்டில் கிறிஸ்தவர்களாகி மூன்று தலைமுறை ஆகியும் அது மட்டும் புழங்கினதில்லை. வேண்டாம் என்றேன். அது நிஜமான வேண்டாம். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தேநீர் வந்தது. அப்போதெல்லாம் எங்கள் ஊரில் தேயிலைத் தண்ணி காய்ச்சலுக்குக் குடிக்கிற கஷாயம். வீட்டில் கருப்பட்டிக் காப்பிதான். கிண்ணத்தில் அது வெள்ளம் வந்த தாமிரபரணி நிறத்தில் நின்றது. சீனி வேண்டுமா என்றார்கள் மிசியம்மா. வேண்டாம் என்றேன். அது மரியாதைக்குச் சொன்ன வேண்டாம். சீனிக் கிண்ணமும் போயிற்று. கசப்பை விழுங்கினேன். அதற்குப் பிறகுதான் கேக்.

வீடும் போகிறது

கேக்கைத் தின்று முடித்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மிசியம்மா விஷயத்துக்கு வந்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார்கள். வீட்டைப் பற்றிச் சொன்னார்கள். முற்றத்தில் ஒரு கிணறு, ஒரு மாமரம். சொல்லச் சொல்ல நான் அந்த வீட்டில் அடுப்பு மூட்டிவிட்டேன், கொடியில் அவர் சட்டையைக் காயப்போட்டுவிட்டேன்.

“மிசஸ் சாமுவேல், இந்த வேலைக்கு வருகிறீர்களா?” என்று கேட்டார்கள்.

என் வாய் அது பாட்டுக்குத் திறந்தது. “அவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்துக்கு நான் எங்கே அம்மா? எனக்கு அந்தத் தகுதி இல்லை. வேறு நல்ல டீச்சராகப் பாருங்கள்” என்றேன். தலையை வேறு குனிந்துகொண்டேன். எங்கள் அப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

மிசியம்மா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. “வருத்தம்தான். ஆனால் நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி” என்றார்கள். கைப்பையைத் திறந்து, தபால்தலை ஒட்டின ஒரு கடிதத்தை எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் இருக்கிறாளாம். நான் மறுத்தால் அவளை வரச் சொல்வதற்காக முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, “இதை உடனே தபால்பெட்டியில் போட்டுவிடு” என்று கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, ஊரில் மழை எப்படி என்று என்னிடம் கேட்டார்கள்.

என் கண் அந்தக் கடிதத்தோடு போயிற்று.

சீனி போனது. கேக் போனது. இப்போது வீடு போகிறது. நிஜ வேண்டாமும் மரியாதை வேண்டாமும் இவர்களுக்கு ஒன்றுதான். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது அழைப்பு இல்லை. மூன்றாவது இல்லவே இல்லை.

“மிசியம்மா இன்னொரு தடவ கேப்பாவ, பொறு” என்றார் என் வீட்டுக்காரர், தமிழில், பைய.

“கேக்க மாட்டாவ. பலகாரத்துக்குக் கேட்டாவளா? சீனிக்குக் கேட்டாவளா?”

“அது பலகாரம். இது உத்தியோகம்லா.”

“காயிதம் போகுது, பாருங்க.”

“அவசரப்படாதளா. ஆக்கங்கெட்டவன்னு நெனப்பாவ.”

“நெனச்சா நெனச்சுட்டுப் போறாவ” என்று எழுந்துவிட்டேன்.

கள்ளுக்கடைக்குள் ஒரு டீச்சர்

கடிதம் தபால்பெட்டிக்குப் போகவில்லை. ஆடுகதவுக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ பீர் கேட்டுக் கத்தினார்கள். பரிமாறுகிறவர் கடிதத்தை அந்த மரமேடையில் வைத்துவிட்டுக் குவளையை நிரப்பப் போய்விட்டார்.

நான் யார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் மதுவிலக்குச் சங்கத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். குடிக்க மாட்டேன் என்று மட்டுமல்ல, குடிக்கிற இடத்தின் வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிள்ளைகளிடமும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கையாலேயே ஆடுகதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே இருபது வெள்ளைக்காரர்கள் இருப்பார்கள். தோட்டத்துத் துரைகளும் கப்பல்காரர்களும். சிரிப்பு அப்படியே நின்றது. தலையில் முக்காடு போட்டு, கண்டாங்கிச் சேலை கட்டி ஒரு தமிழச்சி நடுவே நடந்து வருகிறாள். ஒருவன் வாயருகே கொண்டுபோன குவளை அங்கேயே நின்றது.  நின்றுவிட்டால் திரும்பிவிடுவேன் என்று தெரியும். அதனால் நிற்கவில்லை.

கடிதத்தின் மேல் தாடிக்காரர் ஒருவர் தன் பீர்க் குவளையை வைத்திருந்தார். “மன்னிக்கவும். அந்தக் கடிதம் எங்கள் மேசையிலிருந்து வந்தது” என்றேன். வகுப்பில் பேசுகிற குரல் வந்துவிட்டது. அவர் குவளையைத் தூக்கினார். கடிதத்தைத் தன் சட்டைக்கையில் துடைத்தார். பிறகு எழுந்து நின்று, குனிந்து என் கையில் கொடுத்தார். விலாசத்தின் மேல் வட்டமாக ஈரம் இருந்தது.

அந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணைப் பற்றி அப்போது நினைத்தீர்களா என்று யாராவது கேட்பீர்கள். நினைக்கவில்லை. பிற்பாடு நினைத்து வருத்தப்பட்டதுண்டு. அன்றைக்கு எனக்குக் கிணறும் மாமரமும்தான் கண்ணில் நின்றன.

மரியாதை இல்லாமல்

கடிதத்தைக் கொண்டுவந்து மிசியம்மா முன்னால் வைத்தேன்.

“இது நான் அனுப்பச் சொன்ன கடிதம், மிசஸ் சாமுவேல்.”

“ஆமாம் அம்மா. இது போவதற்கு முன்னால் நான் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இந்த வேலை வேண்டும்.”

“வேண்டாம் என்றீர்களே.”

“மரியாதைக்குச் சொன்னேன்.”

“தகுதி இல்லை என்றீர்களே.”

“அதுவும் மரியாதைக்குத்தான்.”

மிசியம்மாவின் முகம் இறுகியது. “அப்படியானால் என்னிடம் பொய் சொன்னீர்கள்” என்றார்கள்.

சுருக்கென்று தைத்தது. மிஷன் பிள்ளையைப் பார்த்துச் சொல்லக் கூடாத வார்த்தை அது. “பொய் என்றால் ஏமாற்றுவதற்குச் சொல்வது அம்மா. எங்கள் ஊரில் இதைக் கேட்டு ஒருவரும் ஏமாறுவதில்லை. முதலில் வேண்டாம் என்போம். மறுபடியும் கேட்பார்கள். மறுபடியும் வேண்டாம் என்போம். மூன்றாவது தடவை கேட்டால்தான் நிஜத்தைச் சொல்வோம். சீனியும் கேக்கும்கூட அப்படித்தான். நான் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை” என்றேன்.

மிசியம்மா ஜன்னலோரம் இருந்த கேக்குத் தட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது.

“சரி. மரியாதை இல்லாமல் சொல்லுங்கள். இந்த வேலைக்கு நீங்கள் தகுதியானவரா?”

தன்னைப் பற்றித் தானே நல்லதாகப் பேசுவது என்பது எங்கள் வீட்டில் வேதத்தின் பத்துக் கட்டளையையும் மீறுவதற்குச் சமம். ஆனால் ஆரம்பித்தாயிற்று.

“நான் நல்ல டீச்சர்” என்றேன். “என் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி எங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் வாசிக்க மாட்டார்கள். கணக்கு வராத பிள்ளையைப் புளியங்கொட்டையை வைத்துத் தேற்றிவிடுவேன். எனக்குப் பாட்டு வரும், தையல் வரும். பிரம்பைக் கையால் தொட மாட்டேன். சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகமாகப் போடுவேன். அது என் குறை.”

“பைய, பைய” என்று என் வீட்டுக்காரர் மேசை விரிப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

மிசியம்மா கடிதத்தை எடுத்துக் கைப்பைக்குள் போட்டார்கள்.

கடைசிக் கேள்வி

“இன்னும் ஒரு கேள்வி பாக்கி” என்று மிசியம்மா என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்கள். முன்பு ஒரு டீச்சரை அவள் புருஷன் பாதி வருஷத்தில் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டானாம். அதிலிருந்து புருஷன் வாயால் கேட்காமல் யாரையும் எடுப்பதில்லையாம். “மிஸ்டர் சாமுவேல், உம்முடைய மனைவி இங்கே வந்து உம்மோடு இருப்பது உமக்கு வேண்டுமா?”

“அவள் சௌகரியம்போல, மேடம்” என்றார்.

கேட்டீர்களா? கடிதத்தில் எழுதின அதே வரி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“உம்முடைய மனைவி தம் விருப்பத்தைப் பக்கத்து அறைக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். நான் உம்முடையதைக் கேட்கிறேன்.”

“மிஷனுக்கு எது நல்லதோ, மேடம்…”

கடிகாரம் டிக் டிக்கென்றது. கப்பலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவரை இடிக்கலாமா என்று நினைத்தேன். இடிக்கவில்லை. வேலையை நான் வாய்விட்டுக் கேட்டு வாங்கலாம். இதை நான் கேட்டு வாங்கினால் என்ன இருக்கிறது? சொன்னால் அவராகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், இரண்டு வருஷமாகத் தெரியாமல் இருந்தது இன்றைக்குத் தெரிந்துவிட்டது என்று கப்பல் ஏற வேண்டியதுதான்.

மிசியம்மா எழுந்து போகப் போகிறார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

“மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், மிஸ்டர் சாமுவேல்.”

அவர் தலையைத் தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை. காகிதப் பூ செருகின அந்தக் கணப்பைப் பார்த்துக்கொண்டு, பாடகர் குழுவில் பாடுகிற அந்த அடிக்குரலில், தமிழில் சொன்னார்.

“வேணும். எனக்கு இவ வேணும்.”

மிசியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. “என்ன சொன்னார்?” என்று என்னைக் கேட்டார்கள். ஒரு கடை நிறைய ஆட்களுக்கு நடுவில் போய்க் கடிதத்தை வாங்கி வந்தவளுக்கு அப்போது வாய் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, “நான் வேண்டும் என்கிறார் அம்மா” என்று இங்கிலீஷில் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன்.

முப்பத்தைந்து வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். நல்ல மனுஷன். அந்த வார்த்தையை அவர் மறுபடி ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு தடவை கேட்டதே போதும் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். போதவில்லை.